பச்சை மனிதனைத் தேடி

சிதம்பரத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் ஒரு முறையாவது நடந்திருப்பீர்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஆனி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் நடராஜர், சிவகாமி அம்மை, விநாயகர், முருகன், சண்டிகேசுவரர் ஆகிய ஐவரும் ஐந்து தேர்களில் இந்த வீதிகளில்தான் பவனி வருகிறார்கள். அன்றைக்கு வீதி முழுவதும் நடந்து வருகிற ஜனங்களுக்கே சொந்தம். தேருக்கு முன்னால் மோட்டாருக்கு ஏது மரியாதை?

மற்ற நாட்களில் கதை வேறு. அன்று வீதி சக்கரங்களுக்குச் சொந்தம். பஸ், லாரி, ஆட்டோ, கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகின்றன. நடந்து போகிறவன் ஓரத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு அந்த வீதிகளில் ஒன்றின் முனையில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. கையில் அர்ச்சனைக் கூடை. எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஓர் அடி முன்னே வைப்பார். ஹாரன் சத்தம் கேட்கும். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். இப்படி நான்கு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை ஒரு வாலிபர் வந்து, “பாட்டி, என் கையைப் பிடிச்சுக்குங்க” என்றார். ஒரு கையால் பாட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்திக் காட்டினார். வண்டிகள் முணுமுணுத்துக்கொண்டே நின்றன. “நல்லா இருப்பே தம்பி” என்று சொல்லிவிட்டுப் பாட்டி கோயில் பக்கம் திரும்பினார்.

அதோடு அந்த வாலிபர் போய்விடவில்லை. நின்று விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். தரையைக் குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து எதையோ தட்டினார்.

“என்ன தம்பி, சினிமாப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை சார். இந்த இடத்தில் நடந்து போகிறவர்களுக்குச் சிக்னல் இல்லை என்று எழுதுகிறேன்” என்றார்.

“யாருக்கு எழுதுகிறீர்கள்? முனிசிபாலிடிக்கா?”

அவர் சிரித்தார். “உலகத்துக்கு, சார்!”

எல்லோரும் எழுதும் வரைபடம்

அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். ரயில் பாதைக்குக் கிழக்கே, அண்ணாமலை நகரில், விடுதியில் தங்கிப் படிக்கிறார். “பெயரைப் போட்டுவிடாதீர்கள் சார். நான் ஒருவன் மட்டும் செய்கிற காரியம் இல்லை” என்று கேட்டுக்கொண்டார். ஆகவே மாணவர் என்றே சொல்லுகிறேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற உலக வரைபடத்தில். 2004-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் இதில் வரையலாம். பிறர் செய்த பிழையைத் திருத்தலாம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ‘விக்கிபீடியா’ என்ற கலைக்களஞ்சியத்தை ஊர் கூடி எழுதுகிறார்கள் அல்லவா? அதைப் போல இது ஊர் கூடி வரைகிற படம். கைபேசியில் வழி காட்டுகிற பல செயலிகளும், பெரிய பெரிய கம்பெனிகளும் இந்தப் படத்தைத்தான் எடுத்து உபயோகிக்கின்றன.

வரைபடம் என்றால் ஒரு காலத்தில் அது சர்க்கார் சமாசாரம். 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். கோணம் அளக்க அவர் கொண்டு சென்ற ‘தியோடலைட்’ கருவியின் எடை சுமார் அரை டன். 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமாயிற்று. லாம்ப்டன் மனம் தளரவில்லை. பல வாரங்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தாமே அதைப் பழுது பார்த்தார். பிழையான கருவியால் அளந்தால் பிழையான தேசம்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று அரை டன் கருவி. இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் கைபேசி. சட்டமும் மாறியிருக்கிறது. வரைபடத் தகவல்களைச் சேகரிப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை இந்திய அரசாங்கம் 2021 பிப்ரவரி 15-ல் தளர்த்தியது.

இந்த ஊர் கூடி வரைகிற படத்தின் அருமை ஆபத்து வேளையில்தான் தெரிகிறது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் பூகம்பம் வந்தபோது, தலைநகரின் தெருப்படத்தை உலகெங்கும் இருந்த தொண்டர்கள் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். மீட்பு வேலைக்குப் போனவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். 2015-ல் கடலூர் ஜில்லாவையும் சென்னையையும் வெள்ளம் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? அப்போது சென்னையில் எந்தெந்தத் தெரு நீரில் மூழ்கியிருக்கிறது என்று பொதுமக்களே இணையத்தில் குறித்தார்கள். அவர்கள் குறித்ததும் இந்த வரைபடத்தின் மேல்தான்.

புள்ளியும் சீட்டும்

“வெள்ளம், பூகம்பம் எல்லாம் சரி தம்பி. தெருவைக் கடப்பதற்கு வரைபடம் எதற்கு?” என்று கேட்டேன்.

மாணவர் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைக் காட்டினார். வரைபடத்தில் சாலை ஒரு கோடு. நடந்து போகிறவர்கள் அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு மளிகைக்கடை டப்பாவில் ஒட்டுவதைப் போலச் சீட்டு ஒட்டுகிறார்கள். சீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கேள்வி, மற்றது பதில்.

‘ஹைவே’ என்ற கேள்விக்கு ‘கிராஸிங்’ என்று பதில் எழுதினால், இது பாதசாரிகள் கடக்கும் இடம் என்று அர்த்தம். இதற்கு இலங்கைத் தமிழர்கள் ‘கடவை’ என்று அழகான ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாமும் இனி அப்படியே சொல்லுவோம். அடுத்து, ‘கிராஸிங்’ என்ற கேள்விக்கு ‘டிராபிக் சிக்னல்ஸ்’ என்று பதில் எழுதினால், இந்தக் கடவையில் சிக்னல் உண்டு என்று அர்த்தம். கோடு மட்டும் போட்டிருந்து சிக்னல் இல்லாவிட்டால், அதற்கு வேறு பதில்.

இதோடு முடியவில்லை. பொத்தானை அழுத்தினால்தான் பச்சை விழுமா? பார்வையற்றவர்களுக்கு ஒலி உண்டா? தொட்டால் அதிர்கிறதா? நடுவில் நின்றுகொள்ளத் திட்டு உண்டா? நடைபாதையிலிருந்து இறங்கும் இடம் சரிவாக இருக்கிறதா, படியாக இருக்கிறதா? தரையில் காலுக்குத் தட்டுப்படும் மேடுகள் பதித்த கல் போட்டிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.

மேடு பதித்த கல்லைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-ல் அதைக் கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18-ந் தேதி ஒகயாமா நகரில்தான் முதன்முதலாக அதைத் தெருவில் பதித்தார்கள். இன்று நம் ஊர் ரயில்வே பிளாட்பாரங்களில் மஞ்சள் நிறத்தில் ஓடுகிறதே, அதன் பூர்வோத்தரம் இதுதான்.

இரண்டு வகைச் சிக்னல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நாற்சந்தியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்குகள் எரிகின்றன. அது யாருக்குச் சிக்னல்?

“எல்லோருக்கும்தான்” என்றேன் நான்.

“அதுதான் தப்பு, சார்” என்றார் மாணவர். “அது வண்டிகளுக்குச் சிக்னல். நடக்கிறவனுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஒரு பக்கத்து வண்டிகள் நிற்கும்போது இன்னொரு பக்கத்து வண்டிகள் புறப்படுகின்றன. இடப்பக்கம் திரும்புகிற வண்டி பல இடங்களில் நிற்பதே இல்லை. நடக்கிறவன் நான்கு திசையிலும் கழுத்தைத் திருப்பி, ‘எப்போது நம் முறை?’ என்று தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கென்று தனியாக விளக்கு இருந்தால் விஷயம் வேறு. சிவப்பு மனிதன் நின்றுகொண்டிருப்பான். பச்சை மனிதன் நடந்துகொண்டிருப்பான். பச்சை மனிதன் தெரிந்தால் இது உன் முறை என்று பொருள்.

ஆகவே வரைபடத்திலும் இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சந்திப்பில் வண்டிகளுக்கு விளக்கு உண்டா என்பது ஒரு சீட்டு. கடவையில் நடப்பவருக்கு விளக்கு உண்டா என்பது மற்றொரு சீட்டு. முதல் சீட்டு மோட்டார்காரருக்கு உதவும். சிக்னலில் எத்தனை வினாடி தாமதமாகும் என்று வழிகாட்டும் செயலி கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டாவது சீட்டு பாட்டிக்கு உதவும். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திச் செல்லும் தாய்க்கு உதவும். முதல் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவதும் இருக்கும் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? மாணவர் ஒரு கதை சொன்னார்.

கைத்தடி முறிந்த கதை

அவருடைய விடுதி நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். வெள்ளைக் கைத்தடியோடு தனியாகவே ஊர் சுற்றுவார். அவருடைய கைபேசி பேசும். “முன்னே இன்ன தெரு, இடப்பக்கம் இன்ன கடை” என்று காதில் சொல்லிக்கொண்டே வரும். அப்படிப்பட்ட பல செயலிகளுக்கு ஆதாரம் இந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான்.

ஒரு நாள் அவர் வெளியூரில், ஒரு பெரிய நகரத்தில், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தார். கைபேசி “முன்னே சிக்னல் உள்ள கடவை” என்றது. நண்பர் நின்றார். காதைத் தீட்டிக்கொண்டார். சிக்னல் என்றால் வண்டிகள் முறை வைத்து நிற்கும், நின்றதும் கடக்கலாம். சற்று நேரத்தில் எதிரே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கியது. ஒரு பஸ் பெருமூச்சு விட்டு நிற்கிற சத்தம் கேட்டது. நம் முறை வந்துவிட்டது என்று நண்பர் காலை எடுத்து வைத்தார்.

பஸ் நின்றது சிக்னலுக்காக அல்ல, ஆள் ஏற்றுவதற்காக. நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் அவருடைய கைத்தடியைத் தட்டிக்கொண்டு போயிற்று. தடி இரண்டாக முறிந்தது. முழங்கையில் சிராய்ப்பு. கைத்தடி ஒரு முழம் குட்டையாக இருந்திருந்தால் தடிக்குப் பதில் கால் முறிந்திருக்கும்.

விடுதிக்குத் திரும்பியதும் இருவரும் அந்தப் புள்ளியைத் தேடிப் பார்த்தார்கள். இந்த வரைபடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஜாதகம் இருக்கிறது. யார் எப்போது என்ன சீட்டு ஒட்டினார் என்பது அழியாமல் இருக்கும். எங்கேயோ இருந்த ஒரு தொண்டர், செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து, தரையில் வெள்ளைக் கோடு தெரிகிறது, அடுத்தாற்போல் சந்திப்பில் சிக்னல் இருக்கிறது, ஆகவே இது சிக்னல் உள்ள கடவை என்று நல்லெண்ணத்தோடு குறித்துவிட்டார்.

“வானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு தெரியும், சார். பச்சை மனிதன் தெரிய மாட்டான். அவனைப் பார்க்க வேண்டுமானால் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்” என்றார் மாணவர். அன்று முதல் எங்கே போனாலும் கடவைகளில் நின்று பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

வரிக்குதிரையும் பறவைகளும்

இப்படிப்பட்ட குழப்பத்துக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. உலகத்தின் முதல் போக்குவரத்து சிக்னல் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? லண்டனில், பாராளுமன்றத்துக்கு அருகே, 1868 டிசம்பரில். ஜே.பி. நைட் என்ற ரயில்வே என்ஜினீயர் அமைத்தது. மோட்டார் கார் பிறக்காத காலம். குதிரை வண்டிகளுக்கு நடுவே ஜனங்கள் பத்திரமாகத் தெருவைக் கடப்பதற்காகவே அதை வைத்தார்கள். காஸ் விளக்கில் எரிந்த அந்தச் சிக்னல் அடுத்த மாதமே வெடித்து, இயக்கிய போலீஸ்காரரைக் காயப்படுத்தியது. அத்தோடு அதற்கு முடிவு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிக்னல் பிறந்ததே நடக்கிறவனுக்காகத்தான். பிறகுதான் மோட்டார்கள் அதைத் தமதாக்கிக்கொண்டன.

1951-ல் இங்கிலாந்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு கடவைகள் வந்தன. வரிக்குதிரையைப் போல இருந்ததால் ‘ஸீப்ரா’ என்று பெயர். 1962-ல் ‘பாண்டா’ வந்தது. ஜனங்களுக்குப் புரியாமல் சில ஆண்டுகளில் போய்விட்டது. 1969-ல் பொத்தானை அழுத்தினால் விளக்கு மாறுகிற கடவை வந்தது. அதற்கு ‘பெலிகன்’, அதாவது கூழைக்கடா, என்று பெயர். பின்னால் ‘பஃபின்’, ‘டூக்கன்’ என்று மேலும் பறவைகள் வந்து உட்கார்ந்தன. ஒரு மிருகக்காட்சி சாலையே அங்கே தெருவைக் கடந்துகொண்டிருக்கிறது!

ஓபன்ஸ்ட்ரீட்மேப் இங்கிலாந்தில் பிறந்தது அல்லவா? ஆரம்பத்தில் சீட்டுகளிலும் இந்தப் பெயர்களே ஏறிவிட்டன. இங்கிலாந்துக்காரருக்கு ‘ஸீப்ரா’ என்றால் சிக்னல் இல்லாத கடவை. நமக்கோ வெள்ளைப் பட்டை போட்ட எதுவும் ஸீப்ராதான். அங்கே சிக்னலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போதாக்குறைக்கு, கோடு உண்டு சிக்னல் இல்லை என்பதற்கு வைத்த சொல் ‘அன்கன்ட்ரோல்டு’. அதைப் படித்துவிட்டு ஆளுக்கு ஓர் அர்த்தம் செய்துகொண்டார்கள்.

ஒரே சீட்டில் கோட்டையும் விளக்கையும் கலந்து எழுதியதுதான் வினை என்று பிறகு உணர்ந்தார்கள். நீண்ட விவாதங்களுக்குப் பின் இரண்டையும் பிரித்துத் தனித்தனிச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ‘கிராஸிங் மார்க்கிங்ஸ்’ என்றால் தரையில் என்ன கோடு என்று கேள்வி. ‘கிராஸிங் சிக்னல்ஸ்’ என்றால் விளக்கு உண்டா, இல்லையா என்று கேள்வி. பதில் ‘எஸ்’ அல்லது ‘நோ’. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும்.

சிதம்பர ரகசியம்

“அது சரி தம்பி. சிக்னல் இருந்தால் குறிக்கலாம். இல்லாததை மெனக்கெட்டு இல்லை என்று எழுதுவானேன்?” என்று நான் விடவில்லை.

மாணவர் கோபுரத்தைப் பார்த்தார். “சிதம்பரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா, சார்?”

கோயிலில் திரையை விலக்கினால் அங்கே உருவம் இல்லை. தங்க வில்வ மாலை தொங்குகிற வெற்றிடம்தான். அதுதான் சிதம்பர ரகசியம். ஒன்றுமில்லை என்பதிலும் ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டுகிற இடம் அது.

வரைபடத்திலும் அப்படித்தான். ஒரு கடவையில் சிக்னலைப் பற்றிச் சீட்டே இல்லையென்றால், யாரும் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார், பச்சை மனிதன் இல்லை என்று பொருள். முன்னது அறியாமை, பின்னது செய்தி. ‘இல்லை’ என்று கைபேசி சொன்னால் கண் தெரியாத நண்பர் பிறர் உதவியைக் கேட்பார், அல்லது நூறு அடி சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவார். ‘உண்டு’ என்று பொய் சொன்னால்தான் ஆபத்து. வெற்றுப் புள்ளி யாரையும் தெருவில் இறக்கிவிடாது. பொய்ப் புள்ளி இறக்கிவிடும்.

சிக்னல் இல்லாத கடவையில் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? வண்டி ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடக்கிறவருக்கு வழி விட வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்லுகின்றன. நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம் என்று அவரவர் மனச்சாட்சியைத்தான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு வினாடி

சிக்னல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பச்சை மனிதன் எத்தனை வினாடி நிற்கிறான் என்பதும் முக்கியம். நடக்கிறவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம். அதன்படி 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்கச் சுமார் 12 வினாடி போதும். நம் பாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து வினாடி எங்கே போவது?

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2009 முதல் அங்கே முதியோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்திலுள்ள பெட்டியில் காட்டினால், பச்சை மனிதன் கூடுதலாகச் சில வினாடி நடப்பான். இங்கிலாந்தில் பல பெட்டிகளுக்கு அடியில் சின்னக் கூம்பு ஒன்று இருக்கிறது. பச்சை விழுந்ததும் அது விரலுக்கடியில் சுழலும். கண்ணும் காதும் கேளாதவர்கூட அதைத் தொட்டுப் பார்த்து, தம் முறை வந்தது என்று தெரிந்துகொள்வார். இவற்றையும் குறிக்க வரைபடத்தில் சீட்டு உண்டு.

இதெல்லாம் பணக்கார தேசத்துச் சமாசாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர்! நாளொன்றுக்குச் சராசரி 90 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு சாலைகளில் 17,884 உயிர்கள் போயின.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுச் செய்தார். அந்த வழக்கில் 2025 அக்டோபரில் நீதிமன்றம், பெரிய நகரங்களில் நடைபாதைகளையும் கடவைகளையும் ஆராய்ந்து சரிப்படுத்தும்படி உத்தரவிட்டது. ஆராய வேண்டுமானால் முதலில் எங்கே என்ன இருக்கிறது என்ற ஜாபிதா வேண்டாமா? ஜனங்களே அந்த ஜாபிதாவைத் தயாரித்து வைத்திருந்தால், அதிகாரிகளுக்கும் சாக்குச் சொல்ல இடமில்லை. கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கப் போகிறவர்களுக்கும் கையில் ஆதாரம் இருக்கும்.

நீங்களும் செய்யலாம்

டீயைக் குடித்துவிட்டு மாணவரோடு நான்கு வீதிகளையும் சுற்றி வந்தேன். அவர் கைபேசியில் ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்று ஒரு செயலி. வரைபடம் தெரியாதவரும் இதில் வேலை செய்யலாம். நாம் நிற்கும் இடத்தைப் பார்த்து அது கேள்வி கேட்கும். இந்தக் கடவையில் சிக்னல் உண்டா? பொத்தான் உண்டா? ஒலி உண்டா? நடுவில் திட்டு உண்டா? பார்த்துவிட்டுப் பதிலைத் தட்டினால் போதும். சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளும்.

எத்தனை இடத்தில் ‘உண்டு’, எத்தனை இடத்தில் ‘இல்லை’ என்று இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகையில் அச்சான எண்ணிக்கை பழசாகிவிடும். நாளைக்கே ஒரு விளக்கு வரலாம். எரிகிற விளக்கு அணையலாம். வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தப்பாக இருந்தால் நீங்களே திருத்துங்கள். அச்சடித்த படத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

மாணவர் சில நிபந்தனைகளையும் சொன்னார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. வேறு கம்பெனிகளின் வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். திருவிழாவுக்காக இரண்டு நாள் வைத்த தடுப்பை நிரந்தரமாகக் குறிக்கக் கூடாது. வண்டிகளின் சிக்னலைப் பார்த்துவிட்டு, நடப்பவர் சிக்னல் என்று எழுதக் கூடாது. மனித உருவம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும். தெருவின் பெயரைத் தமிழிலும் எழுதலாம். அதற்கும் தனிச் சீட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுத்தெருவில் நின்று கைபேசியைப் பார்க்கக் கூடாது. உயிர் காக்கப் போய் உயிரை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது!

கடலூர்க்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பவர்களே, மஞ்சக்குப்பத்தில் ஆபீசுக்குப் போகிறவர்களே, தினமும் கடக்கிற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அந்த இடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது லண்டனில் இருக்கிறவருக்கும் தெரியாது, வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

வடக்கு வீதியிலிருந்து கிழக்கே திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கோயிலில் மணி அடித்தது. மாணவரின் கைபேசியும் அடித்தது. பேசியவர் அந்தக் கண் தெரியாத நண்பர். புதிய கைத்தடி வாங்கிவிட்டாராம். நாளைக்குக் கடலூருக்குப் போகிறாராம். “மஞ்சக்குப்பத்தில் நான் இறங்கும் இடத்தில் சிக்னல் உண்டாடா?” என்று கேட்டார்.

மாணவர் வரைபடத்தைப் பார்த்தார். அந்தப் புள்ளியில் சீட்டு இல்லை.

“தெரியலைடா” என்றார். சற்று யோசித்தார். “நானும் வர்றேன். ரெண்டு பேருமா போய்ப் பார்த்துடுவோம்.”

சேவை என்றால் இதுவும் சேவைதான். உண்டு என்றால் உண்டு. இல்லை என்றால் இல்லை. தெரியாது என்றால் போய்ப் பார்ப்பது. பின்னால் வருகிற ஒருவர் அதை நம்பித்தானே காலை எடுத்து வைக்கப் போகிறார்!